'மாமா, ஒரு புக் ரிவ்யூ எழுதித் தர்றீங்களா?' – ஆங்கில வகுப்பின் வாசிப்பு ப்ராஜெக்ட் எங்கே தடம் மாறுகிறது?

டெல்லியில் வேலை பார்ப்பவரா நீங்கள்? அக்கா, அண்ணன் பிள்ளைகள் இங்கேயே பள்ளியில் படிக்கிறார்களா? அப்படியென்றால் ஜூன் கடைசியில் உங்களுக்கும் இப்படி ஒரு வாட்ஸ்அப் வந்திருக்கும்.

"மாமா, ஸ்கூல் திறக்க இன்னும் நாலு நாள்தான் இருக்கு. இங்கிலீஷ்ல ஏதாவது ஒரு புக் படிச்சு ரிவ்யூ எழுதணுமாம். எழுதித் தர்றீங்களா?"

கூடவே ஒரு போட்டோ. ஹாலிடே ஹோம்வொர்க் தாள். கதைச்சுருக்கம், ஆசிரியர் குறிப்பு, புதிதாகக் கற்ற பத்துச் சொற்கள், பிடித்த கதாபாத்திரத்தின் படம், சார்ட் பேப்பரில் அட்டை. மொத்தத்தில் ஐந்து வேலை. அந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூடப் புத்தகத்தைத் திறக்கத் தேவையில்லை என்பதைக் கவனித்தீர்களா?

நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். நான் படிக்காத புத்தகத்துக்கு, அவன் படிக்காத புத்தகத்துக்கு, விக்கிபீடியாவைப் பார்த்து ஒரு பக்கம். இப்போது அந்த வேலையும் மாமாக்களிடமிருந்து போய்விட்டது. சாட்ஜிபிடி அரை நிமிஷத்தில் முடித்துவிடும்.

பிள்ளைகள் தாங்களாகவே ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் படிக்கட்டும் என்று ஆரம்பித்த விஷயம் எப்படி இந்த நிலைக்கு வந்தது? இதில் டெல்லிக்கே ஒரு கதை இருக்கிறது. நீங்கள் 2010களில் சிபிஎஸ்இ பள்ளியில் படித்தவர் என்றால் அந்தக் கதையில் நீங்களும் இருக்கிறீர்கள்.

விதி நன்றாகத்தான் இருந்தது

சிபிஎஸ்இயின் தலைமையகம் டெல்லி. இங்கே போடும் ஒரு சுற்றறிக்கை, டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளிலிருந்து கோயம்புத்தூர் பள்ளி வரை போய்ச் சேரும்.

2009-10இல் தொடர் மதிப்பீட்டு முறை, அதாவது உங்களுக்கு நினைவிருக்கக்கூடிய 'சிசிஇ', வந்தது. அந்தக் காலத்து 9, 10ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 'ரீடிங் ப்ராஜெக்ட்' என்று ஒரு பகுதி இருந்தது. அதை இப்போது எடுத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஒரு புத்தகம் படிக்க வேண்டும். அதை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது. அறிமுகம் செய்யலாம், அப்புறம் பிள்ளைகள் தங்கள் வேகத்தில் படித்துக்கொள்ளட்டும். ஆசிரியர் நடுநடுவே டைரியைப் பார்க்கலாம், பேசிப் பார்க்கலாம், சின்னதாக ஒரு வினாடி வினா வைக்கலாம். விமர்சனம், கலந்துரையாடல், நாடகமாக எழுதுவது என்று முடிக்கலாம். வேறு எந்த நாட்டு ஆசிரியரிடம் காட்டினாலும் தலையாட்டுவார்.

ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கல். ஒன்று, புத்தகத்தை மொத்த வகுப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருந்தது. ஐம்பது பேர் சேர்ந்து தேர்ந்தெடுப்பது என்றால் நடைமுறையில் டீச்சர் தேர்ந்தெடுப்பது. இரண்டு, எல்லாம் மார்க்கோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

இரண்டாவது சறுக்கல் சீக்கிரமே பெரிதானது. 2012-13இல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு முழு நாவல்கள் வந்தன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 11, 12க்கும். நோக்கம் அதே வாசிப்புப் பழக்கம்தான். ஆனால் இந்த முறை கேள்வி தேர்வுத்தாளிலேயே வந்தது.

எட்டுப் புத்தகம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட்

தொழில் புத்தி விடாது. அந்த எட்டுப் புத்தகங்களையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன்.

9ஆம் வகுப்புக்கு கலிவரின் பயணங்கள் (1726) அல்லது த்ரீ மென் இன் எ போட் (1889). பத்துக்கு ஆன் ஃபிராங்கின் டைரி (1947) அல்லது ஹெலன் கெல்லரின் சுயசரிதை (1903). பதினொன்றுக்கு ஆஸ்கர் ஒயில்டின் கேன்டர்வில் கோஸ்ட் (1887) அல்லது புக்கர் டி. வாஷிங்டனின் அப் ஃப்ரம் ஸ்லேவரி (1901). பன்னிரண்டுக்கு எச்.ஜி. வெல்ஸின் இன்விசிபிள் மேன் (1897) அல்லது ஜார்ஜ் எலியட்டின் சைலஸ் மார்னர் (1861).

எட்டில் ஆறு, 1903க்குள் முடிந்துபோகின்றன... இல்லை, ஒரு நிமிஷம், ஏழு. ஆன் ஃபிராங்கைத் தவிர எல்லாமே. இந்திய எழுத்தாளர்கள்: பூஜ்யம். இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு எழுதப்பட்டவை: அதுவும் பூஜ்யம்.

இவை மோசமான புத்தகங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆன் ஃபிராங்கைப் பதினைந்து வயதில் படிப்பது ஒரு பாக்கியம். ஜெரோமின் படகுப் பயணத்தைப் படித்து மெட்ரோவில் தனியாகச் சிரித்திருக்கிறேன். ஆனால் விக்டோரியா காலத்து லண்டன்காரர்களின் கிண்டலைப் புரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து வயது ஆனது. 14 வயதில் அது வெறும் நீளமான ஆங்கிலம்.

நீளத்தையும் பார்த்துவிடலாம். இன்விசிபிள் மேன் சுமார் 49,000 சொற்கள். சைலஸ் மார்னர் 70,000ஐத் தாண்டும். கலிவர் முழுதாக ஏறக்குறைய ஒரு லட்சம். நிமிஷத்துக்கு 150 சொல் படிக்கும் மாணவர் என்று வைத்துக்கொண்டால்கூட, வெல்ஸுக்கு ஐந்தரை மணி நேரம், எலியட்டுக்கு எட்டு மணி நேரம், கலிவருக்கு பதினோரு மணி நேரம் வேண்டும். இந்த நேரம் வகுப்பில் கிடையாது. வீட்டில் கணக்கு, அறிவியல் டியூஷன்கள் காத்திருக்கின்றன.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இரண்டில் எது என்பதைப் பள்ளி முடிவு செய்தது. சாந்தினி சௌக் பக்கம் நயி சடக்கில் ஒரு நடை போயிருந்தால், நாவலைவிட நாவலுக்கான கைடு சுலபமாகக் கிடைக்கும். அத்தியாயச் சுருக்கம், கதாபாத்திரக் குறிப்பு, 'எதிர்பார்க்கப்படும் கேள்விகள்'. யூடியூபில் இருபது நிமிஷத்தில் முழுக் கதை. படிக்காமலே எழுதலாம். படித்தவர் எழுதியதும் படிக்காதவர் எழுதியதும் திருத்துபவர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

பாடமாக நடத்தக் கூடாது என்று தொடங்கியது, முழுக்கப் பாடமாக முடிந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நாவல்கள் ஒவ்வொன்றாகப் பாடத்திட்டத்தைவிட்டு வெளியேறின. யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் 80 மதிப்பெண் தேர்வுக்கு, 20 உள் மதிப்பீட்டுக்கு. அந்த இருபதில் ஒரு பங்கு ப்ராஜெக்ட்டுக்கு. பழைய சிக்கல் புது ஃபைலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரு பக்கத்தில் எத்தனை சொல் தெரியாமல் இருக்கலாம்?

"பிள்ளைங்களுக்குப் படிக்கிற ஆர்வமே இல்லை" என்று சொல்வது சுலபம். அதைச் சொல்வதற்கு முன் ஒரு எண்ணைப் பாருங்கள்: 98.

2000இல் ஹு, பால் நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வின் முடிவு இது. இரண்டாம் மொழியில் ஒரு கதையை யார் துணையும் இல்லாமல் புரிந்து படிக்க, அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 சதவீதம் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். 250 சொல் கொண்ட பக்கத்தில் ஐந்து சொல் தெரியாவிட்டால் சமாளிக்கலாம். பன்னிரண்டு, பதிமூன்று ஆகிவிட்டால் (அதாவது 95 சதவீதம்) பெரும்பாலானவர்களுக்கு மூச்சு வாங்கும். அதற்குமேல் அது வாசிப்பு இல்லை, அகராதியோடு மல்யுத்தம்.

நூலகர்களிடம் ஒரு பழைய உத்தி உண்டு. நடுப்பக்கம் ஒன்றைத் திற. தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கு. ஐந்து விரலும் மடங்கிவிட்டால் வேறு புத்தகம் எடு. ஆராய்ச்சிக்காரர்களின் கணக்கும் இந்தக் கை விரல் கணக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இப்போது இந்த எண்ணை எடுத்துக்கொண்டு நம் வகுப்பறைக்கு வாருங்கள். 2016இல் டெல்லி அரசு தன் பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தது. 74 சதவீதம் பேரால் தங்கள் சொந்த இந்திப் பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியைப் படிக்க முடியவில்லை. ஆங்கிலம் இல்லை, இந்தி. அதன் பிறகுதான் 'சுனௌதி', 2018இல் 'மிஷன் புனியாத்' என்று அடிப்படை வாசிப்புக்கான திட்டங்கள் ஓடின.

ஆங்கிலத்துக்கு நாடு தழுவிய ஒரு படம் வேண்டும் என்றால், 2023இன் ஏசர் அறிக்கை இருக்கிறது. 26 மாநிலங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் எடுத்தது. டெல்லி நகரத்தோடு நேராக ஒப்பிடக் கூடாது. அதில் 57.3 சதவீதம் பேர் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படித்தார்கள். படித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. பெருக்கிப் பாருங்கள்: நூறில் 42 பேர். 'இன்றைக்கு மணி என்ன' என்ற அளவிலான வாக்கியங்களுக்கே இந்த நிலை.

ஒரே வகுப்பில் ஹாரி பாட்டரை மூன்று தடவை முடித்த பிள்ளையும் இருக்கும், ஒரு பக்கத்துக்கு நாற்பது விரல் மடக்க வேண்டிய பிள்ளையும் இருக்கும். இருவருக்கும் ஒரே நாவல், ஒரே படிவம், ஒரே தேதி. பத்து மார்க் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது வாசிப்புக்கான மார்க் இல்லை. வீட்டில் ஆங்கிலம் தெரிந்த மாமா இருப்பதற்கான மார்க்.

ஃபிஜியில் புத்தக வெள்ளம்

சரி, இது வேலை செய்த இடம் எங்காவது உண்டா? உண்டு. பெரிய கான்வென்ட் எதுவும் இல்லை, ஃபிஜித் தீவுகளின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள்.

1980இல் வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கும் ஆங்கிலம் வீட்டு மொழி இல்லை. எட்டுப் பள்ளிகளில் 4, 5ஆம் வகுப்புகளுக்கு, வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்கள் கொடுத்தார்கள். படங்கள் நிறைந்த, சுவாரசியமான கதைகள். மற்ற நான்கு பள்ளிகளில் வழக்கமான பாடம். புத்தகம் வந்த வகுப்புகளில் சிலவற்றில் ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார். சிலவற்றில் பிள்ளைகள் பள்ளி நேரத்திலேயே அவரவர் விரும்பியதை எடுத்து அமைதியாகப் படித்தார்கள்.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், புத்தகம் கிடைத்த பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பு வளர்ச்சி மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டும் அந்த வித்தியாசம் தொடர்ந்தது, எழுத்துக்கும் இலக்கணத்துக்கும்கூடப் பரவியது. இலக்கணத்தைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமலே. 1983இல் வெளியான இந்த ஆய்வுக்கு 'புத்தக வெள்ளம்' என்றே பெயர். பிறகு எல்லி இலங்கையின் சிறு பள்ளிகளிலும் இதே முறையைச் செய்து பார்த்தார்.

உடனே துள்ள வேண்டாம். 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, பிள்ளைகளைச் சும்மா அமைதியாகப் படிக்கவிட்டால் மட்டும் சரளம் கூடும் என்று சொல்லப் போதுமான நல்ல ஆய்வுகள் இல்லை என்றது. பலிக்காது என்று அது சொல்லவில்லை, நிரூபணம் போதாது என்றது. இரண்டும் வேறு. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு டீச்சர் பேப்பர் திருத்த உட்கார்ந்துவிட்டால் பல பிள்ளைகள் பக்கத்தை மட்டும்தான் திருப்பும், அதுவும் உண்மை. ஃபிஜியில் புத்தகமும் இருந்தது, நேரமும் இருந்தது, அதைக் கவனிக்கும் ஆசிரியரும் இருந்தார்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நான்சி ஆட்வெல் பல ஆண்டுகள் செய்ததும் இதைத்தான். வகுப்பு நிறையப் புத்தகம், தேர்வு மாணவருடையது, ஆனால் டீச்சர் ஒவ்வொருவரிடமும் போய் "என்ன படிக்கிற, எந்த இடத்துல இருக்க, பிடிச்சிருக்கா" என்று பேசுவார். அவருடைய மாணவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 40 புத்தகம் படித்தார்கள். 2015இல் முதல் உலக ஆசிரியர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. பத்து லட்சம் டாலர் பரிசை அவர் பள்ளிக்கே கொடுத்துவிட்டார்.

இங்கே வகுப்பில் ஐம்பது பேர், சிலபஸ் முடிய வேண்டும், நூலகப் பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிவிடுவார். தெரியும். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் ஒரு 40 நிமிஷப் பீரியட், ஆண்டுக்கு 35 வாரம். 1,400 நிமிஷம். நிமிஷத்துக்கு நூறு சொல் மட்டுமே படிக்கும் பிள்ளைக்கும் 1,40,000 சொல். கிட்டத்தட்ட மூன்று இன்விசிபிள் மேன். ஹோம்வொர்க் இல்லாமல், சார்ட் பேப்பர் இல்லாமல்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தை இங்கே குறிப்பிட வேண்டும். அது தமிழுக்கானது. ஆனால் சிபிஎஸ்இ நாவல்கள் தவறவிட்டதை அது பிடித்தது. சின்னச் சின்னப் புத்தகங்கள், நான்கு படிநிலை: நுழை, நட, ஓடு, பற. எந்த வகுப்பு என்பது அல்ல, எந்தப் படியில் இருக்கிறாய் என்பதுதான் கேள்வி.

அப்போ அந்த வாட்ஸ்அப்புக்கு என்ன பதில்?

"நான் எழுதித் தர மாட்டேன்" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. வேறு யாராவது எழுதிவிடுவார்கள். டீச்சர் மேல் கோபப்படுவதும் வேண்டாம், அந்தப் படிவம் பெரும்பாலும் அவர் கண்டுபிடித்தது இல்லை.

'ஏதாவது ஒரு புத்தகம்' என்று தாளில் இருந்தால், அதுதான் உங்களுக்குக் கிடைத்த இடைவெளி. அந்த ஏதாவது ஒன்றைப் பிள்ளையே எடுக்கட்டும். கிளாசிக் ஆக இருக்க வேண்டியதில்லை. காமிக்ஸ் சரி, கிரிக்கெட் வீரரின் வாழ்க்கை சரி, நூறு பக்கம்கூட வராத புத்தகம் சரி. விரல் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை என்றால் ஆக்ஸ்ஃபர்டு புக்வார்ம்ஸ் மாதிரி படிநிலைப் புத்தகங்கள் உண்டு. அதன் முதல் நிலை அடிப்படையாக 400 சொற்களுக்குள் எழுதப்பட்டது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளில் இலவசமாகப் படிக்கலாம். பல கதைகள் தமிழிலும் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அது ஏமாற்று வேலை இல்லை.

புத்தகம் வாங்கக் காசு செலவழிக்கவும் வேண்டாம். டெல்லி பொது நூலகம் 1951லிருந்து இருக்கிறது, யுனெஸ்கோவோடு சேர்ந்து தொடங்கியது. தி கம்யூனிட்டி லைப்ரரி ப்ராஜெக்ட் நடத்தும் நூலகங்களில் உறுப்பினர் ஆக எந்தக் கட்டணமும் இல்லை. தரியாகஞ்ச் ஞாயிறு புத்தகச் சந்தை 2019இல் நடைபாதையிலிருந்து ஆசஃப் அலி சாலை மகிளா ஹாட்டுக்கு மாறிவிட்டது. டெல்லி கேட் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம்.

பெரிய வகுப்புப் பிள்ளை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்பு விஸ்டாஸ் புத்தகத்தில் பாமாவின் ஒரு பகுதி வருகிறது. ஊர்ப் பெரியவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார். பார்த்த சிறுமிக்கு முதலில் சிரிப்பு வரும். பிறகு அண்ணன் காரணத்தைச் சொல்வார். டெல்லியில் படிக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது நான்கு மார்க் கேள்வி. அது 1992இல் தமிழில் வந்த 'கருக்கு' என்ற முழுப் புத்தகத்தின் சிறு துண்டு என்பதும், லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு கடையில் கிடைக்கும் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த அண்ணன் அப்புறம் என்ன சொன்னார், அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்கத் தோன்றும் பிள்ளைக்கு, வீட்டில் தமிழ் பேசும் உங்களைவிட நல்ல துணை யார்?

படித்துக்கொண்டிருக்கும்போது சுருக்கம் கேட்காதீர்கள். சுருக்கம் இணையத்தில் இருக்கிறது. எங்கே நிறுத்தின, ஏன் அங்கே நிறுத்தின என்று கேளுங்கள். அதற்கு எந்த ஆப்பிலும் பதில் இல்லை. பிடிக்கவில்லை என்றால் மூடிவிடச் சொல்லுங்கள். பாதியில் விடுவது வாசகரின் உரிமை என்று பிரெஞ்சு ஆசிரியர் டேனியல் பெனாக் 1992லேயே எழுதிவிட்டார். ஏன் பிடிக்கவில்லை என்பதை ஒரு பக்கம் எழுதினால் அதுவும் ரிவ்யூதான்.

இந்த ஜூனில் அக்கா பையனிடம் இதைத்தான் சொன்னேன். முதல் புத்தகத்தைப் பதினான்காம் பக்கத்தில் மூடினான். இரண்டாவதற்கு ஏழு விரல் மடங்கியது, வைத்துவிட்டான். மூன்றாவது ஒரு பேய்க்கதை, அட்டை கிழிந்தது, மகிளா ஹாட்டில் நாற்பது ரூபாய். ரிவ்யூ இன்னும் எழுதவில்லை. நேற்று ராத்திரி பத்தரைக்கு மெசேஜ் வந்தது: "மாமா, 61ஆவது பக்கம். அந்த வீட்டுக்காரம்மாதான் பேய்னு நினைக்கிறேன். சொல்லிடாதீங்க."